பதினேழின் மகள்

என் தொழில் என்னவென்று புது ஆட்கள் யாராவது கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு "கால்நடைத் துறை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அவள்மேல் தப்பில்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன் நான். பெயர்தான் ஊசி. உண்மையில், தோள் வரைக்கும் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, பசுவின் வாலை ஒதுக்கி, காளையின் விந்தைக் கர்ப்பப்பை வாசலில் கொண்டுபோய் விடுகிற வேலை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓர் அலுமினியக் கேன் கட்டியிருப்பேன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும்பும். உள்ளே, உறைந்து கிடக்கும் மெல்லிய குச்சிகளில் இருபது முப்பது காளைகள் இருக்கும். அதனால் எல்லோருக்கும் நான் காளைக்காரன்.

அந்தக் காளைகளில் பாதி உயிரோடு இல்லை. பதினேழாம் நம்பர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, ஆனாலும் அதற்குப் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன. நான் அதை நேரில் பார்த்ததில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஆனால் அதன் மகள்களை நூறு கொட்டகையில் பார்த்திருக்கிறேன். முதுகு பலகை வைத்த மாதிரி நேராக இருக்கும். பின்னங்கால்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, மடி மேலே ஒட்டி நிற்கும். கன்று சின்னதாக விழும், அதனால் தாய்க்குச் சிரமம் இல்லை. செத்த காளையின் தோலில் ஒரு துணுக்கை எடுத்து அதே காளையை மறுபடி பிறக்க வைக்கிறார்கள் என்று எங்கள் டாக்டரம்மா ஒருமுறை படித்துச் சொன்னார். நம்ம பதினேழுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினேழின் மகள்கள் இந்தப் பக்கம் நிறைய ஆகிவிட்டன, இனியும் அதே காளையைப் போட்டால் அப்பனை மகளுக்கே சேர்க்கிற கதையாகிவிடும், மிச்சமிருக்கும் குச்சிகளை உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று இருந்தது. அனுப்பினேன். ஆறு குச்சிகளைத் தவிர. அவற்றைக் கேனின் அடியில், வேறொரு காளையின் குச்சிகளுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. நல்ல பொருளை யாராவது அப்படித் தூக்கிக் கொடுப்பார்களா என்றுதான் தோன்றியது.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வீட்டை விட்டு ஒரே பெட்டியோடு கிளம்பி வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள். வேலை முடிந்ததும் வருகிறேன் என்றேன். வேலை முடிந்தது, நான் போகவில்லை. ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை என்ன சொல்லுவார் என்று யோசித்து யோசித்துப் பதினோராவது நாள்தான் போனேன். அதற்குள் அவளே இரண்டு அறை வீடு ஒன்று பிடித்து, ஓட்டல் துணிகள் வெளுக்கும் கம்பெனியில் வேலையும் பிடித்துவிட்டாள். வா என்றாள், உட்காரச் சொன்னாள், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு, நின்ற காலோடு திரும்பிவிடுவேன்.

சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் கைகள் வெடித்துப் போயின. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. ஒரு நாள், "ஒரு மாடு பாத்துக் குடுண்ணா. பால் வந்துச்சுன்னா இந்த வேலைய விட்டுடுவேன்," என்றாள். அவள் என்னிடம் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

சந்தையில் நாற்பது கிடேரிகள் கட்டியிருந்தார்கள். எனக்கென்று ஒரு பேச்சு உண்டு. காதைப் பார்க்காதே, காலைப் பார் என்பேன். காதில் கம்மல் மாதிரி மஞ்சள் பட்டை தொங்கும். அதில் இருக்கும் எண்ணை வைத்து ஆபீஸில் தாய் யார், அப்பன் யார் என்று எடுத்துவிடலாம். ஆனால் பட்டை அறுந்து விழும், மாற்றி மாட்டுவார்கள், வியாபாரிகள் என்னவும் செய்வார்கள். உடம்பு பொய் சொல்லாது. அன்றும் நான் காதைப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு கிடேரி நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுழி, இடது பின்னங்காலில் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை, நேரான முதுகு. அந்த இடத்தை விட்டு என் கால் நகரவில்லை. முப்பத்தொன்பது கிடேரிகளைத் தள்ளிவிட்டு அதைத்தான் தங்கச்சிக்குப் பிடித்துக் கொடுத்தேன்.

அது பருவத்துக்கு வந்தது. தங்கச்சி காலையில் போன் பண்ணினாள், நான் சாயங்காலம் போனேன். முதல் ஈத்து, கன்று சின்னதாக இருந்தால்தான் நல்லது. கேனுக்குள் கையை விட்டேன். எத்தனையோ காளைகள் மேலேயே இருந்தன. நானோ அடியில் தேடி, ஒளித்து வைத்ததில் ஒன்றை எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, நுனியை வெட்டி, ஊசியைப் போட்டேன். யாருக்கும் தராததை உனக்குத் தருகிறேன் என்று தங்கச்சியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். போகாமல் விட்ட பத்து நாளுக்கும் சேர்த்துச் செய்கிற மாதிரி ஒரு நிறைவு அன்றைக்கு இருந்தது.

மூன்று மாசம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன். சினை நின்றிருந்தது. சொன்னதும் தங்கச்சி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வாரம், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டில் வயசான பசு ஒன்றுக்கு ஊசி போடப் போனேன். பேச்சுவாக்கில், போன வருஷம் தன் கிடேரியைச் சந்தையில் கொடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார். நெற்றியில் சுழியும் ஒரு காலில் வெள்ளையும் இருக்குமாம். இந்தப் பசுவின் மகள்தானாம். "நீங்க போட்ட ஊசிதானே. பதினேழு, பதினேழுன்னு அன்னிக்கு அப்படிக் குதிச்சீங்களே," என்றார்.

என் கை அப்போது பசுவுக்குள் இருந்தது. வெளியே எடுக்கவே மறந்து நின்றுவிட்டேன்.

நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்து காதுப் பட்டையின் அழுக்கைத் துடைத்து எண்ணைப் படித்தேன். ஆபீஸுக்குப் போய்ப் பதிவைப் புரட்டினேன்: அப்பன், பதினேழு. நூறு கொட்டகையில் பார்த்து மயங்கிய அதே முதுகைச் சந்தையில் பார்த்து மறுபடி மயங்கியிருக்கிறேன். என் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதையே தேடித் தேடி எடுத்து, கடைசியில் அப்பன் குச்சியை மகளுக்கே போட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவன், என் வீட்டிலேயே இதைச் செய்தேன்.

டாக்டரம்மாவிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்வார் என எதிர்பார்த்தேன். குச்சிகளை ஏன் வைத்திருந்தீர்கள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். ஒன்றும் ஆகாமலும் போகலாம். கன்று செத்துப் பிறக்கலாம், கோணலாகப் பிறந்து உள்ளே மாட்டிக்கொண்டால் தாயும் போகலாம். பிறந்து ஒரு வருஷம் கழித்துக்கூடக் குறை தெரியலாம். இன்னும் ஒரு மாசத்துக்குள் என்றால் ஒரே ஊசியில் கலைத்துவிட்டு, வேறு காளை போட்டுக்கொள்ளலாம். "முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்ல, மாட்டுக்காரங்க. போய்ச் சொல்லுங்க," என்றார்.

ஆபீஸுக்கு வெளியே வந்து, மிச்சமிருந்த ஐந்து குச்சிகளை எடுத்து வெயிலில், சிமெண்டுத் தரையில் வைத்தேன். சற்று நேரத்தில் அவற்றின் மேலிருந்த பனி உருகி வழிந்தது. பதினேழு இரண்டாவது முறையாகச் செத்தது.

அந்த மாசத்தில் நாலு முறை சொல்லப் போனேன். முதல் தடவை, கன்று ஈன்றதும் வேலையிலிருந்து நின்றுகொள்வதாக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். இரண்டாவது தடவை அவள் கொட்டகைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள், நானும் ஒரு பிரஷை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், தீவனம் பற்றிப் பேச்சு வந்தது. நாலாவது தடவை அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் நிம்மதியாகத் திரும்பினேன். மாசம் முடிந்தது. இனி கலைப்பது மாட்டுக்கே ஆபத்து. பயந்தாங்கொள்ளிகளுக்குக் காலமே முடிவெடுத்துக் கொடுத்துவிடுகிறது.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன், எழுந்தால் வண்டிச் சாவியைத் தேடுவேன். பயிற்சியில் ஒரு கன்றைக் காட்டியிருந்தார்கள். கீழ்த்தாடை பாதிதான் இருந்தது, பால் குடிக்க முடியாமல் நாக்கு தொங்கியது. அது எந்த நேரமும் கண்ணில் வந்து நின்றது. தெருவில் போகிற மாடெல்லாம் பதினேழின் மகளாகத் தெரிந்தது. எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் முதலில் காதைப் பிடித்துத் திருப்பினேன். "என்ன காளைக்காரரே, கம்மல் களவு போச்சா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தங்கச்சி வீட்டுக்கு ஒரு நாள்கூட விடாமல் போனேன். ஒரு நாள் தாது உப்பு, ஒரு நாள் புல்கட்டு, ஒரு நாள் ஒன்றும் இல்லாமல். விலாவில் காதை வைத்துக் கேட்பேன். கன்று உதைக்கிறதா என்று உள்ளங்கையை அழுத்திப் பார்ப்பேன். உதைத்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். என்னைக் கட்டிக்கொண்ட இருபது வருஷத்தில் தன்னைப் பார்க்க நான் இப்படி ஓடி வந்ததில்லை என்று என் மனைவி சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஆனால் அதில் பாதிதான் வேடிக்கை.

தங்கச்சி எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள். வேலை முடிந்து வந்ததும் டீ போட்டு, தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிரே படியில் உட்காருவாள். கம்பெனியில் நடந்ததைச் சொல்லுவாள். ஒரு ஓட்டல் போர்வையில் யாரோ பல்செட்டைச் சுருட்டி அனுப்பிய கதையைச் சொல்லி, அவளே சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி, என்னை 'மொட்டை' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் கொட்டகையில் இருப்பது தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன் இப்பத்தாங்க்கா எனக்கு அண்ணனா இருக்கான். நான் எதுவும் கேக்கல, தானா வந்துட்டான்," என்றாள். நான் மாட்டின் கழுத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. யோக்கியனாக இருந்தால் அங்கேயே வெளியே வந்து சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் உண்மை. முதல் மாசம் மாட்டுக்காகத்தான் போனேன். அப்புறம் அந்த நாற்காலியும் டீயும் எனக்கும் வேண்டியிருந்தன. எதற்காகப் போகிறேன் என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

இருநூற்று எழுபத்தெட்டாவது நாள், மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. பனிக்குடம் தெரிகிறது என்றாள். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மாடு படுத்திருந்தது. முன்னங்கால் இரண்டும் வந்திருந்தன, ஆனால் குளம்புகள் உள்பக்கமாக மடங்கி இருந்தன. கையை விட்டுத் தலையைத் தேடினேன். தாடை கிடைத்தது. விரலால் ஓரம் முழுக்கத் தடவினேன், முழுத் தாடை. மூக்கு இருந்தது, கண் இருந்தது. மாடு முக்கும்போதெல்லாம் நானும் தங்கச்சியும் சேர்ந்து இழுத்தோம். நாலாவது முக்கில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. வாயிலும் மூக்கிலும் இருந்த சளியைத் துடைத்து, மூக்கில் ஒரு வைக்கோலை விட்டேன். தும்மியது. கிடேரிக் கன்று. நெற்றியில் சுழி.

தாய் நக்கி நக்கி உலர்த்தியது. கன்று எழப் பார்த்தது. பின்னங்கால்கள் நிமிர்ந்தன. முன்னங்கால்கள் இரண்டும் கணுவில் மடங்கியபடியே நின்றன, அது முழங்காலில் ஊன்றி முகம் குப்புற விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது.

"ஏண்ணா கால் இப்படி இருக்கு?" என்றாள் தங்கச்சி.

பதில் கைவசம் இருந்தது. வயிற்றுக்குள் இடம் இல்லாமல் மடங்கிப் படுத்திருந்தால் நரம்பு இழுத்துக்கொள்ளும், நல்ல மாட்டுக்கும் நடக்கும், கட்டுப் போட்டால் சரியாகிவிடும். அத்தனையும் உண்மை. அது வெறும் அதுவாகவே இருக்கலாம், டாக்டரம்மாகூட இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் ஆறு மாசத்துப் பாரமும் அங்கேயே இறங்கியிருக்கும். என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், ஆறு குச்சிகள், கண்டக்டர், ஒரு மாசத்துக்குள் கலைத்திருக்கலாம் என்பது, சொல்ல வந்து சொல்லாமல் போன நாலு நாள். கால் மடங்கியது இதனால்தானா என்று தெரியாது, ஆனால் இதனாலும் இருக்கலாம், நாளைக்கு வேறு குறையும் தெரியலாம் என்றேன். அவள் கன்றின் மேல் இருந்த கையை எடுக்கவே இல்லை.

முடித்ததும் கட்டுப் போடும் வேலையில் இறங்கினேன். தண்ணீர்க் குழாயில் நாலு துண்டு அறுத்து, நீளவாக்கில் பிளந்து, பழைய துணியைச் சுற்றிக் காலுக்கு அணையாக வைத்தேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டாள், நான் கட்டினேன். இரண்டாவது காலைக் கட்டும்போதுதான் பேசினாள்.

"அப்போ தினமும் வந்தது இதுக்குத்தானா?"

நான் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இதற்குத்தான், அப்புறம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

"ஆமா," என்றேன்.

"மாடு செத்துப் போயிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுண்ணா," என்றாள். சத்தம் உயரவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மொட்டை என்று கூப்பிடவில்லை.

கன்றைத் தூக்கி நிறுத்தினோம். குழாய்க் கால்களோடு தள்ளாடி, இரண்டு எட்டு வைத்து, மடியில் முட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டது. பால் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு நாளாக இருந்தால் குதித்திருப்போம்.

கட்டைத் தினமும் அவிழ்த்து, காலை நீவிவிட்டு, மாற்றிக் கட்ட வேண்டும், நான் வந்து செய்கிறேன் என்றேன்.

"வேணாம். எப்படின்னு சொல்லிக் குடு, நானே மாத்திக்கறேன்."

சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறை அவிழ்த்துத் தானே கட்டிக் காட்டினாள். வெடித்த விரல்கள்தான், ஆனால் என்னைவிட நன்றாகவே கட்டினாள். இனி மாட்டுக்கோ கன்றுக்கோ எது என்றாலும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக்கொள்வதாகவும், அடுத்த ஊசிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். சரி என்றேன். கையைக் கழுவினேன், கையுறையைச் சுருட்டினேன், வண்டியில் கேனைக் கட்டினேன். கட்டின கயிற்றையே திரும்ப இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வருவியா?"

"வரேன்."

"எதுக்கு?"

உப்பு இல்லை, புல் இல்லை, கட்டு மாற்ற வேண்டியதில்லை. ஒரு காரணமும் அவள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்க வேண்டிய அன்றும் எனக்கு வேலை என்று ஒரு சாக்கு கையில் இருந்தது.

"தெரியல. சும்மா வரேன்," என்றேன்.

அவள் என்னை நம்பவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "வந்தா பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கன்றிடம் திரும்பிப் போனாள்.